சேவைச் சங்கங்களும் நமது மஹல்லாவும் – ஒரு வரலாற்றுப் பார்வை



இவ்வாண்டு நடைபெற்ற நமது நிர்வாகக் கூட்டம் ஒன்றில் ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. நகரில் இயங்கும் சேவைச் சங்கம் ஒன்று, இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்துவதற்கு நமது மத்ரஸா மண்டபத்தை ஒரு நாள் மட்டும் தந்துதவுமாறு கேட்டிருந்தது. வாசித்து முடிந்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "அவங்க யாரு, எவருன்னு நமக்குத் தெரியுமா? மண்டபத்தைக் கொடுத்துட்டு நாளைக்கு ஒரு பேச்சு வந்தா யாரு பதில் சொல்றது? ஹஜ்ரத்தே சொல்லட்டும்" என்றார். நாம் உடனே பதில் கூறவில்லை. ஒரு வார காலத் தவணை கேட்டோம். அவ்வாரத்தில் நாம் தேடிப் படித்தவற்றையும், நெடுநாளாக நம் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

நாட்டாலும் மொழியாலும் வேறுபட்டவர்கள் ஒரு நற்செயலுக்காக ஒன்றுகூடி உடன்படிக்கை செய்துகொள்வது நமக்குப் புதிதன்று. நுபுவ்வத்திற்கு முன், யமன் நாட்டு ஸபீதைச் சேர்ந்த வணிகர் ஒருவர் மக்காவில் சரக்கு விற்றார். வாங்கிய ஆஸ் இப்னு வாயில் விலையைக் கொடுக்க மறுத்தார். அந்நியருக்காகப் பேச ஊரில் எவருமில்லை. அவர் அபூ குபைஸ் மலைமீது ஏறிநின்று முறையிட்டார். அதன் விளைவாக அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் சில குலத்தார் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும் அவர் பக்கம் நிற்பதென உறுதிபூண்டனர். அதுவே ஹில்ஃபுல் ஃபுழூல். ஏறத்தாழ இருபது வயதினராயிருந்த நபி (ஸல்) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். நுபுவ்வத்திற்குப் பின்னரும், அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்னும் கருத்துப்பட அதனை நினைவுகூர்ந்தார்கள். அவ்வீட்டில் கூடியிருந்தோர் ஈமான் கொண்டவர்கள் அல்லர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

இதைவிட நம் ஓசூர் நிலைமைக்கு நெருக்கமான செய்தி, இப்னு பதூதா விட்டுச் சென்ற பயணக் குறிப்பில் இருக்கிறது. ஹிஜ்ரி 730களில், அதாவது 1330களின் தொடக்கத்தில், அவர் இன்றைய துருக்கி நாட்டின் ஊர்களில் சுற்றிவந்தார். அந்தாலியா நகரில் நைந்த உடையும் கம்பளித் தொப்பியும் அணிந்த ஒருவர் வந்து, அவரையும் உடன்வந்தோரையும் விருந்துக்கு அழைத்தார். இவ்வளவு பேருக்கு உணவிட இந்த ஏழையால் ஆகுமா என்று இப்னு பதூதா தயங்கினார். அருகிலிருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். வந்தவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. பல தொழில் செய்யும் ஏறத்தாழ இருநூறு பேர் அவரைத் தலைவராக ஏற்றிருக்கிறார்கள். அவர்கள் தமக்கென ஒரு ஸாவியா கட்டிவைத்து, பகலில் உழைத்துப் பெற்றதை இரவில் வழிப்போக்கருக்குச் செலவிடுகிறார்கள் என்றார். இவர்களுக்கு 'அகீ'கள் என்று பெயர்.

லாதிக் என்னும் ஊரில் நடந்தது இன்னும் சுவையானது. கடைத்தெருவிலிருந்து சிலர் இறங்கிவந்து இப்னு பதூதாவின் குதிரைக் கடிவாளத்தைப் பற்றிக்கொண்டனர். வேறொரு கூட்டத்தார் ஓடிவந்து அவர்களோடு மல்லுக்கு நின்றனர். சிலர் கத்தியையும் உருவிவிட்டனர். வழிப்பறிக் கும்பலிடம் சிக்கிவிட்டோம் என்றே அவர் அஞ்சினார். பிறகு அரபு மொழி தெரிந்த ஹாஜி ஒருவர் வந்து விளக்கினார். இரண்டும் அகீக் கூட்டங்களே. விருந்தாளியை யார் வீட்டிற்கு அழைத்துச் செல்வது என்பதுதான் சண்டை! சீட்டுப் போட்டு, முதலில் அகீ சினான் கூட்டத்தாரிடமும் பின்னர் அகீ தூமான் கூட்டத்தாரிடமும் தங்குவதென முடிவாயிற்று. இன்று நம் மஹல்லாவில் ஜமாஅத் வந்து இறங்கினால், 'உங்க வீட்டுல சாப்பாடா, எங்க வீட்டுல சாப்பாடா' என்று கத்தி வேண்டாம், குரலையாவது யாரேனும் உயர்த்துகிறார்களா என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு.

அகீகள் யார்? தத்தம் ஊரை விட்டுப் பிழைப்புக்காகவோ, மங்கோலியர் படைக்கு அஞ்சியோ புதிய நகரங்களில் வந்து குவிந்த கைத்தொழிலாளர்கள் அவர்களில் பலர். உற்றார் இல்லாத ஊரில் உறவைத் தாமே உண்டாக்கிக்கொண்டனர். சேவைச் சங்கம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்ததும் அதுவே. பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் வெளியூரிலிருந்து அத்தொழில் நகருக்கு வந்தவர். வருமானம் இருந்தது, நட்பு இல்லை. நிலக்கரி வணிகர் ஒருவர், சுரங்கப் பொறியாளர் ஒருவர், தையற்காரர் ஒருவர் ஆகிய மூவருடன் அவர் அமர்ந்து பேசிய கூட்டமே ரோட்டரி சங்கத்தின் தொடக்கம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு உறுப்பினர் அலுவலகத்தில் சுழற்சி முறையில் கூடியதால் அப்பெயர் வந்தது. முதலில் அது தமக்குள் வணிகம் பெருக்கிக்கொள்ளும் கூட்டமாகவே இருந்தது. வெளியாருக்கென அவர்கள் எடுத்துக்கொண்ட முதற்பணி எது தெரியுமா? சிகாகோ நகரில் பொதுக் கழிப்பிடம் கட்டுவித்தது. ஹவுழும் முஸாஃபிர்கானாவும் கட்டிய நம் முன்னோருக்கு இது இழிவாகத் தோன்றியிராது. 1917இல் அதே நகரில் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியால் லயன்ஸ் சங்கம் தோன்றியது. பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் 1925இல் அவர்களின் மாநாட்டில் தோன்றிப் பார்வையற்றோர் பணியைக் கையேற்குமாறு வேண்டினார். லயன்ஸ் என்றவுடன் கண் முகாம் நம் நினைவுக்கு வருவதன் வேர் அங்கே இருக்கிறது. கல்கத்தாவில் 1919இலும் சென்னையில் 1929இலும் ரோட்டரி வந்தது. லயன்ஸ் 1956இல் பம்பாயில் காலூன்றியது.

ஓசூருக்குச் சங்கங்கள் வந்த கதையும் தொழிற்சாலைகளின் கதையும் ஒன்றோடொன்று பின்னியவை. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வரும்வரை இது எல்லையோரச் சிற்றூர். 1980இல் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும், பின்னர் டைட்டன் கடிகார ஆலையும் வந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் முன்பே புழங்கிய மண்ணில், சங்கொலிக்கு எழுந்து ஷிஃப்டுக்குச் செல்லும் புதிய மக்கள் குடியேறினர். பொறியாளர், மருத்துவர், உதிரிபாகப் பட்டறை முதலாளி எனப் பலரும் இங்கே வேற்றூரார். அவர்கள் மாலையில் கூடுவதற்கு ஓரிடம் தேடியதில் வியப்பில்லை. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி, 2019இல் ஓசூர் மாநகராட்சியாகிவிட்ட பின்னும் அந்நிலை மாறவில்லை. வேற்றூரார் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள் என்பதே வேறுபாடு. ஜும்ஆவின் பின்வரிசைகளைப் பார்த்தாலே இது விளங்கும்.

இனி, மூத்த உறுப்பினரின் ஐயத்திற்கு வருவோம். அதை நாம் எள்ளி நகையாடவில்லை. 1978இல் மக்காவிலுள்ள ஃபிக்ஹ் பேரவை, ஃபிரீமேசன் இயக்கத்தைக் கண்டித்த தீர்மானத்தில் லயன்ஸ், ரோட்டரி பெயர்களையும் அதன் கிளைகளாகக் குறிப்பிட்டது. ஐயம் நம்மவரோடு நிற்கவுமில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1950 இறுதியில் தன் பாதிரிமார் ரோட்டரியில் சேரலாகாதெனத் தடை விதித்தது. பின்னர் 1979இல் ரோம் நகரில் கூடிய ரோட்டரி மாநாட்டில் போப்பாண்டவரே வந்து உரையாற்றினார். உறுப்பினராகச் சேர்வது என்பது தனிக் கேள்வி. அவரவர் தமக்கு நம்பகமான ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். நற்செயல் ஒன்றில் கைகோப்பது வேறு. மாயிதா அத்தியாயத்தின் 2ஆம் வசனம் நம்மில் பலருக்கு மனப்பாடம்.

ஐயம் கொள்வது ஒருபுறமிருக்க, ஐயத்தின் விலையை யார் கொடுக்கிறார் என்பதையே நாம் இங்குச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். போலியோ ஒழிப்பின் வரலாறு அதற்குச் சான்று.

ரோட்டரி 1979இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து அளிக்கத் தொடங்கியது. 1985இல் உலகம் முழுவதற்குமான திட்டமாக அதனை விரித்தது. 12 கோடி டாலர் திரட்ட எண்ணியவர்கள் 1988க்குள் 24 கோடிக்கு மேல் திரட்டினர். அவ்வாண்டு உலக சுகாதார நிறுவனமும் பிறவும் இணைந்தபோது, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேர் முடமாகிக்கொண்டிருந்தனர். நாம் பெருமைகொள்ள வேண்டிய செய்தி ஒன்று நமக்கு அண்டையிலேயே உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மூன்று தவணை சொட்டு மருந்து நம் நாட்டுக் குழந்தைகளுக்குப் போதாது என்று ஆராய்ந்து கூறினார். ஊரிலுள்ள குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நாளில் கொடுத்தால் கிருமி தங்க இடமின்றிப் போகும் என்னும் முறையை 1980களின் தொடக்கத்தில் வேலூர் ரோட்டரியின் துணையுடன் அந்நகரில் செய்துகாட்டினார். 1995 டிசம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய முகாம்களின் முன்னோடி அது. நாம் வேலூரில் பல ஆண்டுகள் ஓதியிருக்கிறோம். அந்த மருத்துவமனையின் வாசலை எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். இச்செய்தி எதுவும் அன்று நமக்குத் தெரியாது.

பணமும் மருந்தும் ஆட்களும் இருந்தும், மேற்கு உத்தரப்பிரதேசத்தில் பணி முட்டி நின்றது. 2002இல் இந்தியாவில் 1,600 பேருக்குப் போலியோ கண்டது. அவர்களில் 1,242 பேர் உத்தரப்பிரதேசத்தார். அங்கே பாதிக்கப்பட்டோரில் பாதிக்கும் அதிகமானவை முஸ்லிம் வீட்டுக் குழந்தைகள். சொட்டு மருந்து மலடாக்கும் என்ற வதந்தி மொராதாபாத் முதலிய ஊர்களின் சந்துகளில் பரவியிருந்தது. படிப்பறிவில்லாதோரின் அறியாமை என்று இதைத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. 1975–77 நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துச் சென்று கட்டாயக் கருத்தடை செய்த நினைவு அங்கே ஆறாத புண்ணாயிருந்தது. 1976இல் முஸஃப்பர்நகரில் அது துப்பாக்கிச் சூடு வரை சென்றது. சாக்கடை வெட்டிக்கொடுக்க வராத அரசு, காய்ச்சலுக்கு மாத்திரை தர வராத அரசு, இந்த ஒரு சொட்டுக்கு மட்டும் ஏன் மாதந்தோறும் வாசலைத் தட்டுகிறது என்று தாய்மார் கேட்டனர். அக்கேள்வியில் நியாயமும் இருந்தது.

அந்தப் பூட்டு எவ்வாறு திறந்தது? 2003 முதல் அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லிய்யா, ஜாமிஆ ஹம்தர்த் ஆகியவற்றின் ஆசிரியரும் மாணவரும் வீடுவீடாக அனுப்பப்பட்டனர். சில ஆண்டுகளில் ரோட்டரி சங்கத்தார் உத்தரப்பிரதேசத்தில் உலமாக்களைக் கொண்ட குழு ஒன்றையே அமைத்தனர். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முகாம் நாள் அறிவிக்கப்பட்டது. இமாம்கள் மக்கள் பார்க்கத் தம் வீட்டுக் குழந்தைகளுக்கு மருந்தூட்டினர். போலியோவுக்கு மட்டுமன்றிப் பிற நோய்களுக்கும் மருத்துவ முகாம்கள் அங்கே வந்தன. கணக்கு மெல்லச் சரிந்தது. 2009இல் 741, 2010இல் 42, 2011இல் ஒன்றே ஒன்று. அவ்வாண்டு ஜனவரி 13இல் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்துப் பெண்குழந்தை ஒன்றுக்கு நோய் கண்டதே இந்தியாவில் காட்டுவகைப் போலியோ கடைசியாகத் தாக்கியது. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு சான்றிதழ் பெற்றது.

வேறு விதமாக நடந்த இடமும் உண்டு. 2003இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் இதே வதந்தியால் முகாம்கள் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, முஸ்லிம் நாடாகிய இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வரவழைத்த பின்னரே அங்குள்ளோர் இணங்கினர். அதற்குள் கிருமி நாடு நாடாகக் கடந்துவிட்டது. 2005இல் அதே வழிவந்த கிருமி இந்தோனேசியாவையே போய்த் தாக்கி, அங்கே நூற்றுக்கணக்கான குழந்தைகளை முடமாக்கியது! நம் ஹாஜிகளுக்குப் புறப்படுமுன் வாயில் இரண்டு சொட்டு விடப்படுவதன் காரணம் இத்தகைய அனுபவங்களே.

இனி, நம் நெஞ்சில் உறுத்தியதாகச் சொன்ன செய்தி.

அதே 2003ஆம் ஆண்டில், நோய் தணிந்திருந்த கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் வட மாநிலத்துக் கிருமி மீண்டும் தலைகாட்டியது. நம் மாவட்டமோ அவ்விரண்டு மாநிலங்களின் எல்லையையும் தொட்டுக்கொண்டிருப்பது. நாம் ஸனது பெற்று வந்த புதிதில், இந்த எல்லைப் பகுதியில் உதவி இமாமாக இருந்தோம். ஒரு ஜும்ஆ முடிந்து, கட்டட வேலைக்கு வந்திருந்த உத்தரப்பிரதேசத் தொழிலாளி ஒருவர் கைக்குழந்தையுடன் வந்து, "மௌலவி ஸாஹிப், இந்தச் சொட்டு மருந்தைக் கொடுக்கலாமா? ஊரில் கூடாது என்கிறார்களே" என்று உருதுவில் கேட்டார். நமக்குக் கூடும் என்றும் தெரியாது, கூடாது என்றும் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லவும் வெட்கம். "பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை பொறுத்திருங்கள்" என்றோம். அவர் நம் சொல்லை நம்பிப் பொறுத்திருந்தார். நாம் எவரிடமும் கேட்கவில்லை. மறந்தே போனோம். சில வாரங்கள் கழித்து, தெருவில் வந்த சுகாதாரப் பணியாளர் அம்மையார் பள்ளிவாசல் வாசலில் நின்று, "உங்க இமாம் வேணாம்னு சொன்னாராமே, அந்த வீட்டுல கதவையே திறக்க மாட்டேங்கறாங்க" என்று முத்தவல்லியிடம் முறையிட்டபோதுதான் தெரிந்தது. நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாம் சொன்னது அவ்வாறே அவ்வீட்டை அடைந்திருந்தது.

அன்று அஸருக்குப் பின் முத்தவல்லி நம்மை அழைத்துக்கொண்டு அந்தத் தகரக் கொட்டகைக்குச் சென்றார். ஏசவில்லை. வழியில் ஒன்று மட்டும் சொன்னார்: "ஹஜ்ரத், அவங்க மருந்து கொண்டுவந்துட்டாங்க. நம்ம வேலை ஒரு வார்த்தை சொல்றது. அதையாவது செய்வோம்." நாம் உருதுவில் சொன்னோம். குழந்தையின் தாய் திரைக்குப் பின்னிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கதவு திறந்தது. இடுப்பில் பெட்டியைத் தாங்கி நின்ற அம்மையார், சொட்டு விட்டு, சுண்டு விரலில் மை வைத்தார். இடைப்பட்ட வாரங்களில் அக்குழந்தைக்குத் தீங்கொன்றும் நேராதது அல்லாஹ்வின் கிருபை. அதில் நம் பங்கு ஏதுமில்லை.

அதன்பின் முகாம் நாட்களில் ஓசூர்ப் பேருந்து நிலையத்திலும் ஜூஜூவாடி எல்லையிலும் பெட்டியுடன் நிற்கும் குழுக்களைக் காணும்போதெல்லாம், உருது பேசத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்படுகிறதா என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். சில சமயம் தேவைப்படும். சேவைச் சங்கத்தார் தண்ணீரும் பிஸ்கட்டும் கொண்டுவருவர். துணை செவிலியர் மருந்து ஊட்டுவர். நாம் பெங்களூர்ப் பேருந்திலிருந்து இறங்கும் குடும்பங்களிடம் இரண்டு வார்த்தை பேசுவோம்.

சங்கத்தாரிடம் குறையே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. பத்து நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டு இருபது பேர் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வதும், மேடையில் பொன்னாடை மாற்றிப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருக்க நோயாளிகள் வெயிலில் காத்திருப்பதும் நாம் கண்டவையே. ஆனால் டியூப் லைட்டின் வெளிச்சம் மறையுமளவுக்கு 'உபயம்' எழுதிவைக்கும் நாம் இதைப் பற்றி அதிகம் பேசாமலிருப்பது நலம்.

ஒரு வாரம் கழித்துக் கூடிய கூட்டத்தில் மேற்கண்டவற்றையே சுருக்கிச் சொன்னோம். 2003 சம்பவத்தைச் சொல்லும்போது நமக்கு நா எழவில்லை, எனினும் சொன்னோம். மூத்த உறுப்பினர் இரண்டு நிபந்தனைகளைக் கேட்டார். பெண்களுக்குத் தனி வரிசையும் பெண் பணியாளரும் வேண்டும். லுஹர் வேளையில் அரை மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். சங்கத்தார் இரண்டுக்கும் இசைந்தனர். நம் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தோம். சிப்காட் பக்கத்துக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் வட மாநிலத் தொழிலாளருக்கு முந்தைய ஜும்ஆவிலேயே உருதுவில் அறிவிப்பது. மண்டபம் கொடுப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. விளம்பரப் பதாகையில் ஜமாஅத்தின் பெயரை எந்த அளவில் போடுவது என்பது மட்டும் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.